மாப்பிள்ளை பஸ்ஸுக்கு விரித்த கொள்ளு

என் பிறந்த வீட்டில் கொள்ளு அடிக்கக் களம் கிடையாது. தார் ரோடுதான் களம். கோம்பைக்கும் தேவாரத்துக்கும் நடுவே, மேற்கு மலையைப் பார்த்த மானாவாரிக் காடு எங்களுக்கு. தை பிறந்தால் கொள்ளுச் செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, கட்டுக்கட்டாகச் சுமந்துவந்து ரோட்டில் விரித்துவிடுவோம். அதோடு எங்கள் வேலை முடிந்தது. போகிற பஸ்ஸும் லாரியும் மாட்டுவண்டியும் மிதித்துக் கொடுக்கும். நெற்று வெடித்துக் கொள்ளு அடியில் இறங்கும். நாங்கள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்போம். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அதுதான். டீசல் எவனோ போட்டது, கொள்ளு எங்களுடையது.

இதில் ஒரு கூத்து என்னவென்றால், அத்தனை நீள ரோட்டை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் விரிக்கிற இடம் சரியாக வளைவு. நேராக வருகிற ரோடு புளியமரத்தடியில் சட்டென்று திரும்பும். திரும்பின கையோடு ஓடைப்பாலம். பாலத்துக்கு முழங்கால் உயரக் கட்டைச்சுவர். அந்த வளைவில் ஒருமுறை வாழைத்தார் லாரி ஒன்று குப்புறக் கவிழ்ந்தது. டிரைவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, ஊரே ஒரு வாரம் வாழைப்பழம் தின்றது. சைக்கிளில் வந்து விழுந்தவர்களுக்குக் கணக்கே இல்லை. ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். மரத்தில் முனி இருக்கிறது என்பார் ஒருவர். ரோடு போட்டவன் சரியில்லை என்பார் இன்னொருவர். கொள்ளைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். எப்படித் திறப்பார்கள், பாதி ஊர்க் கொள்ளு அங்கேதானே கிடந்தது!

வளைவில் ஏன் விரிக்கிறோம் என்பதற்கு என் பெரிய அண்ணன் ஒரு விஞ்ஞானம் வைத்திருந்தார்.

"நேர் ரோட்டுல விரிச்சா பறந்துருவான் புள்ள. சக்கரம் பட்டுச்சா படலையான்னே தெரியாது. வளைவுன்னா பிரேக்கு மிதிப்பான், திருப்புவான். அப்பத்தான் டயரு நல்லாத் தேய்ச்சுக் குடுக்கும்."

இதைக் கேட்டு நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். பிரேக் போடுகிற இடத்தில்தான் பிரேக் பிடிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் என்ன வானத்திலிருந்தா குதித்தேன், அதே கொள்ளுக் கஞ்சி குடித்து வளர்ந்தவள்தானே.

எழுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆனது. அனுமந்தன்பட்டியில் வாக்கப்பட்டேன். வீட்டுக்காரர் தனியார் பஸ்ஸில் டிரைவர். உத்தமபாளையத்தில் எடுத்து, கோம்பை, தேவாரம் வழியாகப் போடி வரைக்கும் போய்த் திரும்புகிற பஸ். காலையில் ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. ஆக, என் பிறந்த வீட்டு வளைவை ஒரு நாளைக்கு நான்கு தடவை தாண்ட வேண்டும்.

என் அண்ணன்மார் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளை உத்தியோகஸ்தர் என்பதற்காக இல்லை. சொந்தமாக ஒரு பஸ் கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். கல்யாணம் முடிந்த முதல் மாசியிலேயே அதற்கு ஒரு முறைமை வந்துவிட்டது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் கொள்ளைச் சும்மா பரசிவிடுவார்கள். இவர் பஸ் வருகிற நேரம் பார்த்து, நல்ல நெற்றாகப் பொறுக்கி எடுத்து, மெத்தைபோல விரித்துவைப்பார்கள். ஓரத்தில் அடையாளத்துக்குக் கல் வேறு. பஸ் தலை தெரிந்ததும் இரண்டு பேரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள்.

"மாப்ள பஸ்ஸு மிதிச்ச கொள்ளு தனிதான்யா. ஒரு நெத்து முழுசாக் கெடக்காது" என்று சின்ன அண்ணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாப்பிள்ளைக்குக் கோழியடித்துப் போடுவதுபோல இதுவும் ஒரு மாப்பிள்ளை மரியாதை ஆகிவிட்டது.

வீட்டுக்காரருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது யோசிக்கவில்லை. அவர் ராத்திரிச் சாப்பாட்டில் லேசாகத் தொடங்குவார்.

"ஒங்க வீட்டுக் கொள்ளு இன்னைக்கும் கெடந்துச்சு."

"கெடந்தா என்ன?"

"வழுக்குது."

"ஆமா, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். அங்கன மத்த பஸ்ஸெல்லாம் போகலையாக்கும்?"

அவர் சிரித்துக்கொண்டே கையைக் கழுவிவிடுவார். எனக்கு வாய் நீளம் என்று அந்தத் தெருவுக்கே தெரியும். அதிலும் பிறந்த வீட்டைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால், அந்த வாய் இன்னும் ஒரு முழம் நீளும். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று ஊரெல்லாம் புலம்புவார்கள். என் கணக்கே வேறு, என் அண்ணன்மார் எதை உடைத்தாலும் அது மண்குடம்தான்.

ஆனால் பயம் இல்லாமல் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வளைவு எனக்குத் தெரியும். சாயங்காலம் வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் உலையில் அரிசி போட மனசு வராது. அந்த மனுசன் முழுசாகத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. அதற்காக முனிக்கு எலுமிச்சம்பழம் வைத்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டேன். ஸ்டியரிங்கில் கட்டச் சொல்லிக் கறுப்புக் கயிறு மந்திரித்துக் கொடுத்தேன். எல்லாம் செய்தேன். அண்ணன்மாரிடம் "அந்தக் கொள்ளைத் தள்ளி விரிங்க" என்று ஒரு வார்த்தை சொல்வதை மட்டும் செய்யவில்லை.

அவராவது நேரில் சொல்லியிருக்கலாமே என்றால், மாமனார் வீட்டில் மாப்பிள்ளை குறை சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம். சாப்பாட்டில் உப்பு இல்லாவிட்டாலும் பிரமாதம் என்று எழுந்திருக்க வேண்டும். அப்படியும் இரண்டாம் வருஷப் பொங்கலுக்குப் போயிருந்தபோது அவர் துணிந்து வாயெடுத்தார். இலையில் கறி விழுந்துகொண்டிருந்தது.

"மச்சான், அந்தக் கொள்ளைக் கொஞ்சம்..."

"சொல்லுங்க மாப்ள!"

"கொஞ்சம் அங்கிட்டு, நேர் ரோட்டுல..."

பெரிய அண்ணன் கரண்டியோடு அப்படியே நின்றார். பிறகு முகமெல்லாம் சிரிப்பு. "மாப்ளைக்குக் கூச்சம்! நமக்குன்னு தனியா விரிக்கிறாகளே, பஸ்ஸுல இருக்கவுக என்ன நெனைப்பாகன்னு கூச்சப்படுறாக. அதெல்லாம் ஒண்ணுமில்ல மாப்ள. நம்ம வீட்டுப் பஸ்ஸு, நாங்க விரிக்கிறோம். எவன் கேப்பான்?" என்று இன்னும் இரண்டு துண்டு கறி வைத்தார். என் ஆத்தா ஈரல் எடுத்துவந்து வைத்தாள். வாய் நிறையக் கறியோடு மனுசன் எதைப் பேசுவார்? என்னைப் பார்த்தார். நான் அடுப்படியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

அந்த மாசியில்தான் அது நடந்தது.

பெரிய அண்ணன் பெண்சாதிக்குக் கால் சுளுக்கு. ஒத்தாசைக்கு என்று நான் நான்கு நாள் முன்பே பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அன்றைக்கு அண்ணன்மார் இரண்டு பேரும் மேட்டுக் காட்டில் மொச்சை பிடுங்கப் போய்விட்டார்கள். "எட்டரைக்கு மாப்ள பஸ்ஸு. நீயே விரிச்சிரு தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்ல வேண்டுமா! தலைக்குக் குளித்து, கனகாம்பரம் வைத்து, இருக்கிறதில் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். கொள்ளு விரிக்கப் போகிறவள் மாதிரியா போனேன், தேர் பார்க்கப் போகிறவள் மாதிரி போனேன்.

முந்தின நாள் பரசிய கொள்ளு வளைவிலேயே கிடந்தது. விடியக்காலையில் மலைப்பக்கமிருந்து ஒரு சாரல் வந்து பத்து நிமிஷம் தூறிவிட்டுப் போயிருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், நசநசவென்று ஈரம். வழியில் ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற ஒரு பெரியம்மா, "ஏத்தா, ஈரக் கொள்ளு மசியாதுல்ல, வாரிப் போடு" என்றார். வாரிப் போடலாம்தான். நேரம் எட்டு ஆகிவிட்டது. வாரிப் போட்டால் அவர் பஸ் வரும்போது ரோடு மொட்டையாகக் கிடக்கும். நான் முதல்முறையாக என் கையால் விரிக்கிற அன்றைக்கா மொட்டையாகக் கிடப்பது? கட்டைப் பிரித்து, நல்ல காய்ந்த செடியாக எடுத்து அந்த ஈரத்தின் மேலேயே விரித்தேன். முழங்கையளவு உயரம். மேலே பார்த்தால் பொன்னாகக் காய்ந்து கிடந்தது. அடியில் சேறு. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. எட்டி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

எட்டரைக்குப் பஸ் வந்தது. நேர் ரோட்டில் அவர் முகம் கண்ணாடிக்குள் தெரிந்தது. நான் மரத்தடியில் செடி புரட்டுகிற கவைக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. மேலே காய்ந்து கிடந்ததைப் பார்த்து, வழக்கமாகத் தணிக்கிற அளவுக்குத்தான் வேகத்தைத் தணித்தார். வளைவில் திருப்பினார்.

பஸ் திரும்பவில்லை.

முன்சக்கரம் திரும்பித்தான் இருந்தது, அதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் பஸ் நேராகவே போனது. சத்தமே இல்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. பிரேக் கிறீச்சிட்டிருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அது பாட்டுக்குக் கொள்ளோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு, பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டிக்கொண்டு, ஓடைப்பாலத்தைப் பார்க்கப் போனது. "ஐயோ என் ராசா!" என்று கத்தினேன். அவரை அப்படி நான் அதற்குமுன் கூப்பிட்டதே கிடையாது. கட்டைச்சுவர் உடைகிற சத்தம் கேட்டது. ஒரு சக்கரம் சுவரைத் தாண்டி அந்தரத்தில் நிற்க, பஸ் ஒருபக்கம் சாய்ந்து நின்றுவிட்டது.

முதலில் கோழிக் கூடை ஒன்று கதவு வழியாக வந்து விழுந்தது. அப்புறம் கோழிகள். அப்புறம் ஆட்கள். சாமி புண்ணியத்தில் ஒருவருக்கும் பெரிதாக அடியில்லை. ஒருவருக்கு நெற்றி புடைத்திருந்தது, ஒருவருக்குத் தூக்குச்சட்டிக் குழம்பு வேட்டியெல்லாம். அவ்வளவுதான். இறங்கின ஆத்திரத்தில் ஒரு அம்மா ரோட்டைப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"எந்தச் சிறுக்கிடி இப்பிடி மெத்தை போட்டு வச்சது? அவ கையி வெளங்குமா?"

கவைக்கம்பும் கையுமாக, தலை நிறையக் கனகாம்பரத்தோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு வாய் இருந்ததே, அது எங்கே போனது என்று தெரியவில்லை.

அவர் கடைசியில் இறங்கினார். எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக் கல் அண்டக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என் பக்கம் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பெட்டிக்கடையிலிருந்து யாரோ அவருக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். டம்ளரை வாங்கினார். பாதி டீ சட்டையில் கொட்டியது. நான்தான் அந்த டம்ளரை வாங்கி அவர் வாயில் வைத்தேன். நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க. பல் டம்ளரில் தடதடவென்று அடித்தது.

"பின்னாடி சீட்டுல ஒரு புள்ளத்தாச்சி இருந்துச்சு" என்றார்.

அண்ணன்மார் தகவல் கேட்டு ஓடிவந்தபோது எனக்கு வாய் திரும்பிவிட்டது. ஊர் கூடிய இடம் என்றுகூடப் பார்க்கவில்லை.

"வாங்க, வந்து பாருங்க, மாப்ளைக்கு நீங்க போட்ட மரியாதைய! கறி போட்டீக, ஈரல் போட்டீக, கடைசியில ஓடையிலயும் போடப் பாத்தீகளே!"

"ஏலே, என்னடா இது" என்று பெரிய அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். "நாங்க நல்லதுக்குத்தான் தாயி..." என்று இழுத்தார்கள்.

"நல்லதுக்குத்தான். நானும் நல்லதுக்குத்தான் விரிச்சேன். என் கையாலதான் விரிச்சேன். ஈரம்னு தெரிஞ்சே விரிச்சேன்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அதற்குமேல் யாரைத் திட்டுவது? கீழே உட்கார்ந்து கொள்ளை வாரத் தொடங்கினேன். அண்ணன்மாரும் குனிந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாதி ஊர் வந்து அவரவர் கொள்ளை அவரவர் வாரிக்கொண்டு போனது. முனியைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசவில்லை.

பஸ் முதலாளியிடம் இவர், "நான்தான் வேகமா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டார். யார் விரித்தது, எந்த வீட்டுக் கொள்ளு, எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. இருபது நாள் வீட்டில் இரு என்றுவிட்டார்கள். இருபது நாளும் ஈசிச்சேரில் சாய்ந்துகொண்டு என்னைப் பாடாய்ப் படுத்தினார். சோறு வைத்தால், "மெல்லப் போடு, வழுக்கிரும்" என்பார். கொள்ளுத் துவையல் அரைத்தால், "இது அடியில ஈரமா, மேல ஈரமா?" என்பார். வேறு யாராவது அப்படிப் பேசியிருந்தால் நடப்பதே வேறு. நான் இன்னொரு கரண்டி துவையல் வைத்தேன்.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், நானும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். ஆத்தாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாக்கு. டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தேன். கோம்பை தாண்டியதும் வழியில் இன்னொரு ஊர்க்காரர்கள் ரோட்டில் கொள்ளு விரித்திருந்தார்கள். இவர் பஸ்ஸை நிறுத்தினார். தலையை வெளியே நீட்டி ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், நான் திடுக்கிட்டுப் போனேன். அவருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவர்கள் அரக்கப்பரக்க வாரி ஒதுக்கின பிறகுதான் பஸ்ஸை எடுத்தார்.

"இப்பத்தான் பயம் வந்துருக்குபோல" என்றேன், பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம்.

"இப்பவா? அண்ணே வேலைக்குச் சேந்த நாள்லயிருந்து இப்பிடித்தான்க்கா. எந்த ஊருல கெடந்தாலும் நிறுத்தி, எறங்கி, வாரச் சொல்லித்தான் எடுப்பாக. அதுக்குச் சண்டைகூட நடந்திருக்கு." கண்டக்டர் குரலைத் தணித்துக்கொண்டார். "ஒங்க வீட்டு வளைவுல மட்டுந்தான் ஒண்ணும் பேச மாட்டாக. அங்கன வரும்போது ரெண்டு கையையும் நல்லாத் தொடையில தொடைச்சுக்கிருவாக, அப்பிடியே மெல்ல ஏத்திக் கொண்டுபோயிருவாக. அக்கா மனசு கஷ்டப்படும்னு சொல்லுவாக."

இரண்டு வருஷம். ஒரு நாளைக்கு நான்கு தடவை.

அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கழுத்துக்குக் கீழே காக்கிச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. குனிந்து அவர் காதோரம், "இனிமே எங்க வீட்டுதுன்னாலும் எறங்கித் திட்டுங்க" என்றேன்.

"பஸ்ஸு ஓடும்போது டிரைவர்கிட்டப் பேசக் கூடாது" என்றார், திரும்பாமல்.

வளைவு வந்தது. என் அண்ணன்மார் விடியவே வந்து பெருக்கியிருந்தார்கள். ரோட்டில் ஒரு துரும்பு இல்லை. அப்படியும் அவர் வலது கையைத் தொடையில் துடைத்தார், பிறகு இடது கையை.